கூட்டத்தில் நின்றவனும் கூட்டத்தோடு நின்றவனும்

கேள்வி கேட்ட சகோதரி விவரமாகவே எழுதியிருந்தார். சுருக்கிச் சொல்கிறேன். தம்பி தென்னாப்பிரிக்காவில் டர்பனில் ஒரு மளிகைக்கடையில் வேலை பார்க்கிறான், ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். ஒருநாள் சாயங்காலம் கடை இருக்கும் தெருவை மறித்து, டயரைக் கொளுத்தி, கல்லெறிந்து கலவரம். யாரோ செல்போனில் எடுத்த வீடியோவில் இவன் கூட்டத்துக்குள் நிற்பது தெரிகிறது. கையில் ஒன்றும் இல்லை. போலீஸ் கேட்டபோது பயத்தில் "நான் கடைக்குள்ளே இருந்தேன்" என்று சொல்லிவிட்டான். வீடியோ வந்ததும் மாற்றிச் சொன்னான். போன வாரம் மாஜிஸ்திரேட் 2 வருடம் சிறை என்று தீர்ப்பளித்துவிட்டார். மேல்முறையீட்டில் புதிதாக விசாரிப்பார்களா, அதுவரை வெளியே வரலாமா, தண்டனை கூடிவிடும் என்று சொல்கிறார்களே அது உண்மையா என்று கேட்கிறார்.

நான் வக்கீல் இல்லை. டர்பனில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக மேல்முறையீட்டுக் கட்டுகளை, அதாவது வழக்குக் காகிதத் தொகுப்புகளை, தயார் செய்கிறவன், கூடவே தமிழ் மொழிபெயர்ப்பும் பார்க்கிறேன். வாதாடுகிறவருக்குத் தெரிவது வேறு, கட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறவனுக்குத் தெரிவது வேறு. இங்கே எழுதுவது இரண்டாவது வகை.

முதலில் தேதி. போன வாரம் தீர்ப்பு என்றால் உங்கள் கையில் மிச்சம் இருப்பது சில நாட்கள்தான். 1977-ஆம் ஆண்டின் 51-ஆம் எண் குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 309பி: கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்றவர் தண்டனை சொன்ன நாளிலிருந்து 14 நாளுக்குள் மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்க வேண்டும். சனி, ஞாயிறைக் கழிக்கலாமா என்ற வாதத்துக்கே போகாதீர்கள், காலண்டரில் அப்படியே எண்ணுங்கள். யாரிடம் கேட்பது? தண்டனை கொடுத்த அதே மாஜிஸ்திரேட்டிடம். "உங்கள் தீர்ப்பு தப்பாக இருக்கலாம், மேலே போக விடுங்கள்" என்று அவரிடமே கேட்க வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு இது வினோதமாகப் படும், ஆனால் இங்கே முறை அதுதான். ஆயுள் தண்டனை, சிறு வயதுப் பிள்ளைகள் மாதிரியான சில வழக்குகளுக்கு மட்டும் இந்த அனுமதி தேவையில்லை.

அவர் மறுத்தால் கதை முடிந்துவிடாது. 21 நாளுக்குள் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு மனு போடலாம், இரண்டு நீதிபதிகள் காகிதத்தைப் படித்து முடிவெடுப்பார்கள். அங்கேயும் மறுத்தால் ப்ளூம்ஃபொன்டைனில் இருக்கும் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆனால் அந்த வாசல் ரொம்பக் குறுகல். 14 நாள் ஏற்கெனவே தாண்டியிருந்தால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லிக் கேட்கலாம். காரணம் உருப்படியாக இருக்க வேண்டும், "பணம் புரட்ட நாளாயிற்று" என்று ஒரு வரி எழுதினால் போதாது.

சரி, புதிதாக விசாரிப்பார்களா? மாட்டார்கள். அங்கே சாட்சி வரமாட்டார், உங்கள் தம்பி வாய் திறக்கமாட்டார், பெரும்பாலும் அவர் அங்கே இருக்கவே தேவையில்லை. டர்பன் மாஜிஸ்திரேட் கோர்ட் வழக்குகள் வழக்கமாக பீட்டர்மரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் முன்னால் வரும். அவர்கள் முன்னால் இருப்பது கீழ்க்கோர்ட்டில் பேசியதைத் தட்டச்சு செய்த கட்டு மட்டும். சாட்சியை நேரில் பார்த்தவர் மாஜிஸ்திரேட், ஆகவே உண்மைகள் பற்றி அவர் சொன்னது சரி என்றுதான் தொடங்குவார்கள். 1948-இல் ட்லுமாயோ வழக்கில் சொன்ன அந்த விதி இன்றும் நிற்கிறது. அதை அசைக்க வேண்டுமானால் அவர் எங்கே தடம் மாறினார் என்று பக்கம், வரி சொல்லிக் காட்ட வேண்டும். "என் தம்பி நல்லவன்" என்பது அந்தக் கட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தம்பி மேல் போட்ட குற்றச்சாட்டுக்கு இங்கே பொது வன்முறை என்று பெயர். இது எழுதப்பட்ட சட்டப் பிரிவு அல்ல, ரோமன்-டச்சு வழியில் வந்த பொதுச் சட்டக் குற்றம். பல பேர் சேர்ந்து, வேண்டுமென்றே, பொது அமைதியைப் பலவந்தமாகக் குலைக்கவோ பிறர் உரிமையில் புகவோ, கடுமையான அளவில் ஒரு காரியத்தைச் செய்வது. இத்தனை பேர் என்று கணக்கு கிடையாது. ஆனால் 'சேர்ந்து' என்ற சொல்லும் 'வேண்டுமென்றே' என்ற சொல்லும் உண்டு. உங்கள் தம்பியின் மேல்முறையீடு மொத்தமும் இந்த இரண்டு சொல்லில்தான் தொங்குகிறது. தமிழில் சொன்னால் இன்னும் எளிது. அவன் கூட்டத்தில் நின்றானா, கூட்டத்தோடு நின்றானா?

இதற்கு இந்த நாட்டில் ரத்தம் தோய்ந்த ஒரு வரலாறு உண்டு. 1984 செப்டம்பர் 3-ஆம் தேதி ஷார்ப்வில் என்ற கறுப்பர் குடியிருப்பில் துணை மேயர் த்லாமினியைக் கூட்டம் அடித்து எரித்துக் கொன்றது. ஆறு பேருக்குத் தூக்கு. அதில் தெரசா ரமஷாமோலா என்ற இளம்பெண் மேல் நிரூபணமானது, கூட்டத்தோடு சேர்ந்து குரல் கொடுத்தார், எரிக்காதீர்கள் என்று தடுத்த ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்தார், அவ்வளவுதான். அவர் செய்ததால் த்லாமினி செத்தார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. பொது நோக்கம், அதாவது கூட்டத்தின் நோக்கத்தையே தன் நோக்கமாக்கிச் சேர்ந்துகொள்வது, இருந்தால் அது தேவையில்லை என்று 1987 டிசம்பரில் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார்கள். 1988 மார்ச் 18-க்குக் குறித்த தூக்கு முந்தின நாள்தான் நின்றது. அந்த வருடக் கடைசியில் தண்டனையைச் சிறையாகக் குறைத்தார்கள். தீர்ப்பு மட்டும் மாறவில்லை.

அதற்கு அடுத்து வந்ததுதான் உங்களுக்கு வேண்டிய தீர்ப்பு. ம்கெடேசி வழக்கு, 1989 தீர்ப்புத் தொகுப்பில் வெளியானது. தங்கச் சுரங்கத் தொழிலாளர் விடுதியில் நடந்த கொலைகள் பற்றியது. முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டது நிரூபணமாகாதபோது, கூட்டம் செய்ததை ஒருவர் தலையில் கட்ட ஐந்து விஷயம் வேண்டும் என்றது. அவர் அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும். நடப்பது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். செய்கிறவர்களோடு கைகோர்க்கும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். அந்த எண்ணத்தைக் காட்டும்படி அவரே ஏதாவது ஒன்று செய்திருக்க வேண்டும். கடைசியாக, அந்தந்தக் குற்றத்துக்குரிய மனநிலையும் இருந்திருக்க வேண்டும். இன்னொன்றையும் அழுத்திச் சொன்னது: குற்றவாளிகளை மொத்தமாக ஒரு மூட்டையாகக் கட்டித் தீர்ப்பெழுதக் கூடாது, ஒவ்வொருவர் செய்ததையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

உங்கள் தம்பி வழக்கில் முதல் இரண்டும் போய்விட்டன என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருந்தான், டயர் எரிவது கண்ணுக்குத் தெரியாமல் இருக்காது. நான்காவதுதான் கோட்டை. அவன் என்ன செய்தான்? கல்லைப் பொறுக்கினானா, டயரை உருட்டினானா, கையைத் தூக்கிக் கத்தினானா, ஓட வந்தவரை மறித்தானா? தீர்ப்பின் நகலை வாங்கி, அவன் பெயரோ அவனுடைய எண்ணோ வரும் இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு போடுங்கள். "எதிரிகள் (குற்றம் சாட்டப்பட்டவர்கள்) கல்லெறிந்தார்கள்", "எதிரிகள் சாலையை மறித்தார்கள்" என்றே போய்க்கொண்டிருந்து, "மூன்றாம் எதிரி இன்னதைச் செய்தார்" என்று ஒரு வரிகூட இல்லாவிட்டால், உங்கள் முதல் காரணம் கிடைத்துவிட்டது. நான் பார்த்த கலவர வழக்குத் தீர்ப்புகளில் பாதிக்கு மேல் இந்தப் பன்மையில்தான் ஓடுகின்றன.

அப்பிங்டன் என்ற ஊரின் வழக்கையும் சொல்லியாக வேண்டும். 1985 நவம்பரில் ஒரு போலீஸ்காரரைக் கூட்டம் கொன்றதற்காக 25 பேரைக் கொலைக் குற்றவாளிகளாக்கி, 1989-இல் 14 பேருக்குத் தூக்கு விதித்தார்கள். அதில் வயதான ஒரு கணவன் மனைவியும் உண்டு. 1991-இல் மேல்முறையீட்டில் பெரும்பாலோரின் கொலைத் தீர்ப்பு ரத்தானது, தூக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆள் ஆளாகப் பிரித்துப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். பொது நோக்கக் கோட்பாடே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று வாதாடலாமே என்று யாராவது ஆசை காட்டினால் விட்டுவிடுங்கள். 2003-இல் தீபஸ் வழக்கில் அரசியல் சட்ட நீதிமன்றம் அதைச் செல்லும் என்று சொல்லியாயிற்று.

அடுத்தது அந்தப் பொய். 'முதலில் பொய் சொன்னான், ஆகவே குற்றவாளி' என்று மாஜிஸ்திரேட் எழுதியிருக்கிறாரா பாருங்கள். பொய் சொன்னவனை நம்பவேண்டாம், சரி. ஆனால் பொய்யைக் கழித்துவிட்டால் அரசுத் தரப்பில் என்ன மிச்சம் என்று திரும்பிப் பார்க்க வேண்டும். 1985 தொகுப்பில் உள்ள ம்ட்ஸ்வேனி தீர்ப்பு இதைத்தான் எச்சரிக்கிறது: நிரபராதியும் பயத்தில் பொய் சொல்வான். வேற்று நாட்டில், போலீஸ் ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, அரைகுறை ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பையன் "நான் அங்கே இல்லை" என்று சொல்வது எனக்கு ஆச்சரியமே இல்லை. 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு டர்பனில் அந்தப் பயம் இன்னும் கூடுதல். 350-க்கும் மேற்பட்டவர்கள் செத்த அந்த வாரத்தை, டர்பனை ஒட்டி இந்தியர்கள் அதிகம் வாழும் பீனிக்ஸில் நடந்த கொலைகளை, இங்கே யாரும் மறக்கவில்லை. 1949 ஜனவரிக் கலவரத்தில் 142 பேர் செத்த கதையைத் தாத்தா வாயால் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் உண்டு. கலவரம் என்ற சொல் காதில் விழுந்தாலே ஷட்டரை இழுத்துவிட்டு, நான் பார்க்கவே இல்லை என்று சொல்கிற ஊர் இது.

வீடியோ. யார் எடுத்தது, மூலக் கோப்பு எங்கே, முழுதாகக் காட்டினார்களா, வெட்டிய துண்டையா? இங்கே டர்பன்காரர்களுக்குப் பெருமையான ஒரு முன்னுதாரணம் உண்டு. பீட்டர்மரிட்ஸ்பர்க் ராஜதுரோக வழக்கில் மேவா ராம்கோபின், எம்.ஜே. நாயுடு, ஆர்ச்சி குமேதே முதலிய நிறவெறி எதிர்ப்புத் தலைவர்கள் மேல் அரசு கூட்ட ஒலி, வீடியோ நாடாக்களைக் கொண்டுவந்தது. அவை மூலப் பிரதிதான், கைவைக்கப்படாதவைதான் என்று சந்தேகமின்றி நிரூபிக்க வேண்டும் என்றார் நீதிபதி மில்ன். 1985 டிசம்பரில் 12 பேர் மீதான குற்றச்சாட்டை அரசே திரும்பப் பெற்றது. ஆனால் இதை நம்பியே கிளம்பிவிடாதீர்கள். வேறு நீதிபதிகள் இவ்வளவு கறார் வேண்டாம் என்றும் தீர்ப்பளித்திருக்கிறார்கள். தவிர, வீடியோவில் இருப்பது நான்தான் என்று தம்பியே ஒப்புக்கொண்டுவிட்டான். உங்களுக்கு வீடியோ எதிரி இல்லை என்பதுதான் என் அபிப்பிராயம். அதில் அவன் கை சும்மா இருக்கிறது. அதைத் தள்ளிவைக்கப் போராடாமல், நொடி நொடியாகப் பார்த்து, எத்தனை நொடி நிற்கிறான், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறான், கூட்டம் முன்னேறும்போது கூடவே போகிறானா, ஒதுங்குகிறானா என்று எழுதிவையுங்கள்.

அவன் கல்லெறிந்ததைப் பார்த்தேன் என்று போலீஸ் சாட்சி யாராவது சொல்லியிருந்தால் கதை வேறு. அப்போது வெளிச்சம், தூரம், எவ்வளவு நேரம் பார்த்தார், முன்பே தெரிந்த முகமா என்ற கேள்விகள். 1972-இல் ம்தெத்வா தீர்ப்பு சொன்ன பட்டியல் அது, வக்கீலுக்குத் தலைகீழாகத் தெரியும்.

இனி எனக்கு ரொம்ப நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். தம்பி தமிழில் சாட்சி சொன்னான், மொழிபெயர்ப்பாளர் இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். 1860-இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ட்ரூரோ கப்பலில் வந்தவர்களின் வாரிசுகளுக்கு இன்று கோர்ட்டில் தமிழ் தேவைப்படுவதில்லை. அவர்கள் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். ஆகவே தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டால், நாள் கூலிக்கு யாரையாவது கூப்பிடுவார்கள். கிடைத்தவர் வீட்டுத் தமிழ் மட்டும் தெரிந்தவராக இருக்கலாம். அவரைக் குறை சொல்லவில்லை, அவரால் முடிந்ததைச் செய்கிறார்.

சில வருடம் முன்னால் ஒரு கட்டு என் மேஜைக்கு வந்தது. இதே மாதிரி ஒரு பையன், இதே மாதிரி குற்றச்சாட்டு. தட்டச்சுப் பக்கத்தில் அவன் வாக்குமூலம்: "ஐ வாஸ் வித் த க்ரௌட், என்ஜாயிங் த ஃபன்." தீர்ப்பில் மாஜிஸ்திரேட் அதை எடுத்து வைத்து, எதிரியே ரசித்ததாக ஒப்புக்கொள்கிறார் என்று எழுதிவிட்டார். எனக்கு அந்த வரி உறுத்தியது. எந்தத் தமிழ்ப் பையன் கோர்ட்டில் நின்று அப்படிச் சொல்வான்? கட்டில் ஆங்கிலம் மட்டும்தான் இருக்கும், தமிழைத் தட்டச்சு செய்யமாட்டார்கள். ஆனால் கோர்ட் ஒலிப்பதிவில் இரண்டும் இருக்கும். எழுதிக் கேட்டு வாங்கி, ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். மின்விசிறி இரைச்சல், யாரோ நாற்காலி இழுக்கிற சத்தம், அதற்கு நடுவில் பையன் சொல்கிறான்: "கூட்டத்துல நின்னு வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தேன் சார்."

வேடிக்கை பார்ப்பது என்றால் என்ன என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். சாவு வீட்டு வாசலிலும் வேடிக்கை பார்ப்போம், பஸ் கவிழ்ந்தாலும் வேடிக்கை பார்ப்போம். அதில் ரசனையும் இல்லை, சம்மதமும் இல்லை. சும்மா நிற்பது. 'கூட்டத்துல' என்பது 'கூட்டத்தோட' ஆகி, 'வேடிக்கை பார்த்தேன்' என்பது கொண்டாட்டமாகி, ம்கெடேசியின் மூன்றாவது விஷயமும் நான்காவது விஷயமும் ஒரே வரியில் நிரூபணமாகிவிட்டன. நான் சத்தியப்பிரமாணத்துடன் மொழிபெயர்ப்பு கொடுத்தேன், வக்கீல் அதைப் பிரமாண வாக்குமூலத்தோடு சேர்த்தார். விசாரணை நாளில் அரசுத் தரப்பு வக்கீலே இந்தத் தீர்ப்பை ஆதரிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். ஆனால் பெயில் தொகை கட்ட ஆளில்லாமல் பையன் அதற்குள் ஏழு மாதம் உள்ளே இருந்துவிட்டான்.

ஆகவே ஒலிப்பதிவைக் கேளுங்கள். தமக்குப் புரிகிற மொழியில் விசாரணை, இல்லாவிட்டால் அந்த மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அரசியல் சட்டம் 35-ஆம் பிரிவு கொடுத்த உரிமை. தப்பு இருந்தது என்று காட்டினால் மட்டும் விடுதலை கிடைத்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 1962-இல் நாயுடு என்ற மேல்முறையீட்டில் வகுத்த வழிப்படி, விசாரணையையே குலைக்கிற அளவு பெரிய தப்பா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் கெட்டுப்போன சாட்சியத்தைத் தள்ளிவைத்துவிட்டு, மிச்சத்தில் குற்றம் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். உங்கள் தம்பி வழக்கில் மிச்சம் என்பது சும்மா நிற்கிற கை. "அப்போதே ஏன் ஆட்சேபிக்கவில்லை" என்று கேட்பார்கள். வக்கீலுக்குத் தமிழ் தெரியாது, தம்பிக்கு ஆங்கிலம் தெரியாது, யார் ஆட்சேபிப்பது?

பெயில் பற்றி. மேல்முறையீடு போட்டவுடன் தண்டனை நின்றுவிடாது. மாஜிஸ்திரேட்டிடம் தனியாகப் பெயில் கேட்க வேண்டும். தீர்ப்புக்கு முன் கிடைத்தது போல இப்போது சுலபமாகக் கிடைக்காது, குற்றமற்றவர் என்ற அனுமானம் போய்விட்டது. ஓடிப்போகமாட்டான், மேல்முறையீட்டில் சரக்கு இருக்கிறது என்ற இரண்டையும் காட்ட வேண்டும். 2 வருடத் தண்டனையில் கட்டு தயாராகி, பட்டியலில் ஏறி, வாதம் முடிவதற்குள் பாதித் தண்டனை கழிந்துவிடும் என்பதும் சொல்லக்கூடிய வாதம்தான். பாஸ்போர்ட்டை ஒப்படைக்கத் தயாராக இருங்கள். விசா என்ன ஆகும் என்பது தனிக் கேள்வி, குடிவரவு பார்க்கிற வக்கீலிடம் கேளுங்கள்.

தண்டனை கூடுமா? சட்டப்படி கூட்ட முடியும், பயமுறுத்தியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கூட்ட நினைத்தால் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்துப் பதில் சொல்ல வாய்ப்பு தரவேண்டும் என்று 2012-இல் போகார்ட்ஸ் வழக்கில் அரசியல் சட்ட நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சாதாரண மாஜிஸ்திரேட் கோர்ட்டின் உச்சவரம்பே 3 வருடம். அதற்கு மேலே உள்ள பிராந்திய கோர்ட்டுக்குத்தான் 15 வருடம். இந்தப் பயத்துக்காக மேல்முறையீட்டைக் கைவிடுவது, என்னைக் கேட்டால், வெயிலுக்குப் பயந்து அறுவடையை விடுகிற மாதிரி. தண்டனையையும் சேர்த்தே எதிர்த்துவிடுங்கள். முதல் குற்றம், கையில் ஆயுதமில்லை என்றால் சிறைக்குப் பதில், வெளியே இருந்தபடி அதிகாரிகள் கண்காணிப்பில் கழிக்கும் தண்டனை கேட்க இடமுண்டு.

கடைசியாக, காரணங்களை எழுதுகிற காகிதம். "தீர்ப்பு சாட்சியத்துக்கு விரோதமானது" என்று ஒரே வரியில் எழுதி அனுப்புகிற வக்கீல்கள் இருக்கிறார்கள். அது செல்லாது, தெளிவாகக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். தனித்தனியாகப் பார்க்கத் தவறியது, பொய்யை ஆதாரமாக்கியது, இணைந்ததைக் காட்டும் செயல் எதுவும் நிரூபணமாகாதது, மொழிபெயர்ப்பு, இவை ஒவ்வொன்றும் தனிப் பத்தி. நியாயமான வெற்றி வாய்ப்பு இருக்கிறதா என்பதுதான் அனுமதிக்கான அளவுகோல். 2012 தொகுப்பில் ஸ்மித் தீர்ப்பு அதை விளக்குகிறது. வெறும் நம்பிக்கை போதாது, ஆனால் ஜெயித்தே தீருவோம் என்று காட்டவும் தேவையில்லை. கையில் காசில்லையென்றால் அரசின் சட்ட உதவி அலுவலகம் உண்டு, கீழ்க்கோர்ட்டில் தனி வக்கீல் வைத்திருந்தாலும் இப்போது போய்க் கேட்கலாம்.

கட்டு வந்ததும் எண்ணிப் பாருங்கள். பக்க எண் தாவுகிறதா, "கேட்கவில்லை" என்று அடைப்புக்குறிக்குள் போட்ட இடங்கள் எங்கே, வீடியோ தட்டு இணைப்பில் இருக்கிறதா? நானே ஒருமுறை குறுக்கு விசாரணையில் நான்கு பக்கம் விட்டுப்போனதைக் கவனிக்காமல் அனுப்பி, விசாரணை இரண்டு மாதம் தள்ளிப்போனது. ஒலிப்பதிவே தொலைந்திருந்தால் இரு தரப்பும் மாஜிஸ்திரேட்டும் சேர்ந்து, திறந்த கோர்ட்டில், நினைவிலிருந்தும் குறிப்புகளிலிருந்தும் கட்டை மறுபடி உருவாக்க வேண்டும். மாஜிஸ்திரேட் தனியாக உட்கார்ந்து எழுதி அனுப்பக் கூடாது என்று 2016-இல் ஸ்கூம்பி வழக்கில் சொல்லியாயிற்று.

இப்போதைக்கு நீங்கள் ஊரிலிருந்தே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சிறையிலிருந்து தம்பி போன் பண்ணும்போது, அன்று கோர்ட்டில் தான் சொன்னதை ஆங்கிலம் கலக்காமல், அதே வார்த்தையில், அப்படியே ஒருமுறை சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். எழுதிய தேதியையும் போடுங்கள். ஒலிப்பதிவு கையில் வரும்போது எந்த நிமிடத்தில் தேட வேண்டும் என்று அது சொல்லும்.